பால் பாக்கெட்டும் பெரியப்பாவின் மீசையும்

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். கேட்டும் கிரில்லும் வெல்டிங் அடிக்கிற கை இது. கோணல் மாணலாகத்தான் எழுதும். ஆனால் வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்து பாதியில் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மணப்பாறைக் கல்யாணத்திலிருந்து திரும்பியதும், பாப்பா, நீ பட்டுப்பாவாடையைக்கூட மாற்றாமல் அடுப்படி வாசலில் போய் நின்றாய்.

"கிரகணத்தப்ப நீ கத்தரிக்கோல் எடுத்தியாம்மா? அதனாலதான் என் உதடு இப்படியா?"

அம்மா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கல்லையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அன்றிலிருந்து நீ அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் உன் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, குற்றவாளி மாதிரி நகர்ந்துவிடுகிறாள். பதினைந்து வருஷமாக அவள் மேல் இருக்கிற பழி இது. வெளியில் இருந்தவர்கள் சொன்னபோது தாங்கிக்கொண்டாள். உன் வாயிலிருந்து வந்ததைத் தாங்க முடியவில்லை. அந்த வாயைச் சரிசெய்ய அவள் எத்தனை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தாள் என்று உனக்குத் தெரியாது.

யார் சொன்னது என்று கேட்டேன். "பெரிய தாத்தா" என்றாய். நினைத்தேன்.

உங்கள் பெரிய தாத்தா என் அப்பாவுக்கு அண்ணன், எனக்குப் பெரியப்பா. அம்மா என் அத்தை மகள் ஆனதால் அவளுக்கு அவர் தாய்மாமன். என் அப்பாவும் அத்தையும் சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் இரண்டு பேருக்கும் பெரியவர் அவர் ஒருவர்தான். "சொந்தம் விட்டுப்போகக் கூடாது" என்று எங்களுக்குக் கல்யாணம் முடித்து வைத்தவரும் அவரே. மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார். மீசை ஒன்று வைத்திருப்பார், அதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். கன்னம் வரை முறுக்கி விட்டு, கீழ்ப்பக்கம் உதட்டை மூடும்படி அடர்த்தியாக. அந்த மீசைக்கு எண்ணெய் போடுகிற நேரத்தில் அந்த ஆள் யோசிக்கவும் செய்திருக்கலாம். செய்யவில்லை.

சந்தையில் அவர் ஒரு கன்றுக்குட்டி வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். "இதோட காளை எது? அதோட தாய் எந்த ஊரு? கொட்டகையில முன்ன எதுக்காவது காலு வளைஞ்சிருந்துச்சா?" என்று மூன்று தலைமுறை விசாரிப்பார். நொண்டிக் கன்று பிறந்தால் முதலில் காளையைத்தான் சந்தேகப்படுவார். தாய்ப்பசு கிரகணத்தில் என்ன செய்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. மாட்டுக்கு அவ்வளவு அறிவு. மனுஷிக்கு என்றால் மட்டும் நிலா, சூரியன், ராகு, கேது.

பாப்பா, நீ அம்மா வயிற்றில் இருந்தபோது முதல் மூன்று மாதமும் அவளுக்கு ஓயாத வாந்தி. ஸ்ரீரங்கத்து ஒற்றை அறையில் அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் பட்டறைக்குப் போக முடியாது. அதனால் மணப்பாறையில் பெரியம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரையையும் சேர்த்துத்தான் விட்டேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மாத்திரை அட்டை அலமாரியில் அப்படியே இருக்கிறது.

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் பெரியப்பா. "அதைத் தின்னா புள்ள கறுத்துப் பொறக்கும்."

எங்கள் வம்சத்தில் சிவப்பாக ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. பெரியப்பாவை வெயிலில் நிறுத்தினால் அவரையும் நிழலையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனாலும் அந்தக் கறுப்புக்குப் பயந்து மாத்திரை நின்றுபோனது. அதே அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் கட்டுக்கட்டாகப் பீடி குடித்தார். கர்ப்பிணி பக்கத்தில் பீடி குடிக்கக் கூடாது என்று மட்டும் அவருடைய எந்தச் சாஸ்திரத்திலும் இல்லையாம்.

பிறகு அவளைத் திரும்ப அழைத்து வந்துவிட்டேன். பொங்கல் வந்தபோது ஐந்து மாதம் முடிந்திருந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாட்டுப் பொங்கல் அன்று மதியம் சூரிய கிரகணம். தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. நான் மொட்டை மாடியில் வெல்டிங் கண்ணாடியைப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கீழே தர்ப்பைப் புல்லும் கையுமாக அறைக்குள் இருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அடைத்து வைத்தவர் பெரியப்பா. சாயங்காலம் நெருங்கும்போது திறந்து விட்டவரும் அவரே.

"விட்டுப்போச்சு புள்ள, வெளிய வா. தலை வலிக்குது, ஒரு காப்பி போடு."

விடவில்லை. மாடியில் நின்ற என் கண்ணாடியில் சூரியனின் ஓரம் இன்னும் கடித்த அப்பளம் மாதிரிதான் இருந்தது. அவருக்கு அவசரம், காப்பி. அம்மா பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி, பாலைக் காய்ச்சி, காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

சித்திரை வெயிலில் நீ பிறந்தாய். நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்து என்னிடம் காட்டினார். மேல் உதடு ஒரு பக்கம் மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. வாய்க்குள் அண்ணத்திலும் பிளவு. ஆனால் நீ கையை நீட்டி நீட்டி ஆட்டிக்கொண்டு, எனக்கு ஒன்றும் இல்லை என்கிற மாதிரி இருந்தாய்.

குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் அம்மா வந்து பார்த்தார். "பயப்படாதீங்க. ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம். இப்ப நமக்கு முக்கியம் பால். இவ மார்ல உறிஞ்சி குடிக்க முடியாது. பீய்ச்சி பாலாடையில குடுங்க. நிமிர்த்தி வெச்சுக் குடுங்க, இல்லன்னா மூக்கு வழியா வந்துடும்" என்றார். அம்மாவுக்கு அதுவே வேலையாகிப்போனது. பாலாடைக் கிண்ணத்தின் மூக்கை உன் கன்னத்தின் ஓரமாக வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, நீ விழுங்கினாயா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாதி குடித்துப் பாதி துப்புவாய். மறுபடியும் பீய்ச்சுவாள்.

இந்த நேரத்தில்தான் பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போலீஸ் மாதிரி விசாரணையை ஆரம்பித்தார்.

"கிரகணத்தன்னிக்கு என்ன புள்ள பண்ணினே? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் பண்ணல மாமா."

"காய் நறுக்கினியா? ஊக்கு கீக்கு குத்தினியா?"

"இல்ல மாமா. பால் பாக்கெட்டைத்தான் வெட்டினேன். உங்களுக்குக் காப்பி போட."

அவர் தொடையில் அடித்துக்கொண்டார். "அதான்! அதான் பாத்தேன்!"

அன்று மாலைக்குள் மணப்பாறை வரைக்கும் செய்தி போய்விட்டது. பால் பாக்கெட்டை வெட்டினாள், பிள்ளை உதடு வெட்டுப்பட்டது. "உங்களுக்குக் காப்பி போட" என்பது மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அதைக் குடித்த வாய்க்கு ஒரு கீறலும் இல்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆரம்பத்தில் காய்ச்சல் வந்ததா? வலிப்புக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா? சர்க்கரை உண்டா? வீட்டில் யார் புகை பிடிப்பது? சத்து மாத்திரை சாப்பிட்டாளா? சொந்தத்தில் கல்யாணமா? கடைசியாக ஒன்று கேட்டார். "ரெண்டு பேர் குடும்பத்துலயும் வேற யாருக்காவது இந்த மாதிரி உதடு இருந்திருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பெரியப்பா மீசையை நீவிக்கொண்டு சொன்னார். "எங்க வம்சத்துல ஒரு குறையும் கெடையாதுங்கம்மா. எல்லாம் இவ பண்ணின கூத்து. கிரகணம் விடறதுக்குள்ள கத்தரிக்கோலை எடுத்துட்டா."

டாக்டர் அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். "கிரகணம் வந்தப்ப எத்தனை மாசம்?"

"அஞ்சு முடிஞ்சிருந்துச்சுங்க."

"குழந்தைக்கு மூஞ்சி ரெண்டு பக்கத்துலேருந்தும் வளர்ந்து வந்து நடுவுல சேருதுங்க. ரெண்டாம் மாசத்துலயே உதடு சேர்ந்து முடிஞ்சுடும். மூணாம் மாசத்துல அண்ணமும் மூடிடும். சேர வேண்டிய நேரத்துல சேரலைன்னா பிளவு. அஞ்சு மாசத்துக்கு அப்புறம் அவங்க மரத்தையே வெட்டினாலும் உதடு பிளக்காது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூக்குக்குக் கீழே, உதட்டுக்கு மேலே எல்லாருக்கும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதே, தடவிப் பாருங்கள். அது ஜாயின்ட் போட்ட இடம். இரண்டு தகடும் கிட்டே வந்து நிற்கும்போது பற்ற வைக்க வேண்டும். வேலை முடிந்து, பெயின்ட் அடித்து, கேட்டை மாட்டிய பிறகு பக்கத்து வீட்டில் யாரோ காகிதத்தைக் கிழித்தார்கள் என்று ஜாயின்ட் விட்டுப்போகுமா?

"அப்ப எதனாலங்க?" என்று கேட்டேன்.

"ஒரே காரணம்னு விரல் நீட்ட முடியாது. ரத்தத்துல, பரம்பரையா கொஞ்சம் வரும். சொந்தத்துல முடிச்சா அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடும். அது மேல வெளிக் காரணங்களும் சேரலாம். ஃபோலிக் ஆசிட்ங்கற சத்து மாத்திரை சாப்பிடாதது, பீடி சிகரெட் புகை, சாராயம், சில மருந்து. பல பேருக்குக் காரணமே தெரியாது. ஆனா ஒண்ணு நிச்சயம், இது அவங்க தப்பு இல்ல."

அம்மா அப்போது அழுதாள். அவள் பக்கம் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. பெரியப்பா எழுந்து வெளியே பீடி பிடிக்கப் போனார். திரும்பி வந்து, "டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். பீடியை உறிஞ்சிய வாயால் சொன்னார்.

எடை ஏறியதும் உனக்கு உதட்டைத் தைத்தார்கள். அப்புறம் அண்ணம். அப்புறம் பேச்சுப் பயிற்சி. வாரா வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் அம்மா. "ப" சொல்லு, "ட" சொல்லு என்று பஸ்ஸிலேயே உன்னைச் சொல்ல வைப்பாள், பக்கத்து சீட்டுக்காரர்கள் முறைக்க முறைக்க. இன்று நீ பேச்சுப் போட்டியில் கப் வாங்கி வருகிறாய். அந்தக் கப்பில் பாதி அந்த பஸ் சீட்டுக்குச் சொந்தம்.

தம்பி வயிற்றில் இருந்தபோது மறுபடியும் ஒரு கிரகணம். இந்தத் தடவை அம்மா தானாகவே கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டியும் திறக்கவில்லை. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து சாப்பிட்டிருக்க வேண்டிய மாத்திரையை இந்தத் தடவை முன்கூட்டியே, ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருந்தாள். மணப்பாறைப் பக்கமே அனுப்பவில்லை. தம்பி முழு உதட்டோடு பிறந்தான். மாத்திரையால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்லவில்லை. பெரியப்பா சொன்னார்.

"பாத்தியா? பூட்டி வெச்சோம், முழுசாப் பொறந்துட்டான்!"

தம்பி, உன் உதட்டுக்கு உரிமை கொண்டாடிய மனிதர் அவர். நல்லது வந்தால் அவருடைய பூட்டு, கெட்டது வந்தால் அவளுடைய கத்தரிக்கோல்.

இனி மீசைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியம்மா காலமானார். உங்களுக்கு ஸ்கூல் இருந்ததால் காரியத்துக்கு நீங்கள் வரவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. பெரியப்பாவே கர்மம் செய்ய உட்கார வேண்டும். காவிரிக் கரையில், அம்மாமண்டபம் படித்துறையில் காரியம். முதலில் முடி எடுக்க வேண்டும். நாவிதர் தலைமுடியை எடுத்து முடித்துவிட்டுக் கத்தியை முகத்துக்குக் கொண்டுவந்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலையோட போதும்ப்பா."

"மீசையும் எடுக்கணும்ங்கய்யா."

"அது கிடக்கட்டும். நூறு ரூபா சேத்து வாங்கிக்க."

சடங்கு செய்து வைக்க வந்த சாஸ்திரிகள் படியில் நின்றபடியே சொன்னார். "மீசையோட உக்காந்தா கர்மா சித்திக்காது ஓய். சாஸ்திரத்துல அதுக்கு இடமில்லை."

பங்காளி ஒருவர் சிரித்தார். "என்னண்ணே, ஊருக்கெல்லாம் சாஸ்திரம் சொல்ற ஆளு நீங்க. உங்களுக்கே தள்ளுபடி கேக்கறீங்களே!"

பெரியப்பாவுக்குத் தப்பிக்க வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். நாவிதர் தண்ணீர் தடவி இரண்டு இழுப்பு இழுத்தார். பிறகு கையை நிறுத்தினார்.

"பழைய தையலுங்களா? பாத்து எடுக்கறேன்."

மீசை போன இடத்தில், உதட்டிலிருந்து மூக்கு வரைக்கும், பாப்பா, உனக்கு எந்தப் பக்கமோ அதே பக்கம், ஒரு தழும்பு. உனக்குத் தைத்தவர்கள் மெல்லிய கோடாகத் தைத்தார்கள். இவருக்கு அந்தக் காலத்தில் யாரோ சாக்குப் பையைத் தைப்பது மாதிரித் தைத்திருந்தார்கள். உதடு ஓரத்தில் இன்னும் ஒரு வெட்டு மிச்சம் இருந்தது.

சிரித்த பங்காளி ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியப்பா துண்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். சந்தையில் விலையை மறைக்கிற அதே துண்டு.

முழுக்குப் போட இறங்கும்போது நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "டாக்டர் கேட்டாங்களே பெரியப்பா. குடும்பத்துல யாருக்காவது உண்டான்னு."

"ஆம்பளைக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்றார், துண்டுக்குள்ளிருந்து.

"இது எதனாலயாம்?"

"எங்க ஆத்தா கிரகணத்துல அரிவாமணையில உக்காந்து பூசணிக்கா நறுக்கினாளாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். என் அப்பன் அதைச் சொல்லிச் சொல்லியே அவளை அடிப்பான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம? அவ முதுகுக்குப் பின்னாடிதான் நிப்பேன்." துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். பிறகு, "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லித் தொலைக்காதே" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது உண்மை. அடுத்த நிமிஷமே போய்விட்டது. அடி விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆள். தன் ஆத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த பையன், வளர்ந்து மீசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அதே கம்பை எடுத்துத் தன் தங்கை மகள் மேல் வீசியிருக்கிறார். தெரியாதவன் பேசினால் முட்டாள் என்று விட்டுவிடலாம். இவரை என்னவென்று சொல்வது?

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பூசணிக்காய அன்னிக்கு யாருக்குக் குழம்பு வெக்க நறுக்கினாங்களோ, பாவம்" என்றாள். அவ்வளவுதான்.

மீசை மறுபடியும் வளர்ந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து, கல்யாணப் பந்தியில் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதற்குள்ளிருந்து அவர் மறுபடியும் அந்தப் பால் பாக்கெட் கதையை எடுத்திருக்கிறார். நேற்று போன் செய்தேன்.

"பாப்பாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உள்ளதைத்தானேடா சொன்னேன். பொட்டப்புள்ள, நாளைக்குப் புருஷன் வீட்டுல ஜாக்கிரதையா இருக்க வேணாமா?"

"அப்ப உள்ளது முழுசையும் சொல்லியிருக்கலாமே. மீசையைத் தூக்கிக் காட்டியிருக்கலாமே."

போனை வைத்துவிட்டார்.

பாப்பா, அவர் சொன்ன அந்த நாளைக்கு நானும் ஒன்று சொல்கிறேன். உனக்குக் கல்யாணம் ஆனால், சொந்தத்தில் கொடுக்க மாட்டேன். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் போ. எனக்கு இப்படி இருந்தது, என் பெரிய தாத்தாவுக்கும் இருந்தது என்று கூச்சப்படாமல் சொல். மாத்திரையை அப்போதே ஆரம்பி. பீடிக்காரன் எவனையும், அவன் எவ்வளவு பெரிய மீசை வைத்திருந்தாலும், வீட்டுக்குள் விடாதே. பெரும்பாலும் பிள்ளைக்கு வராது என்றுதான் டாக்டர் அம்மா சொன்னார். வந்தாலும் உன் பிள்ளைக்குத் தையல் போடுவார்கள், உன்னை யாரும் விசாரிக்கக் கூடாது.

ஒன்று மட்டும் மிச்சம். அம்மா பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறப்பதைப் பார்த்து, "கத்தரிக்கோல் தேடச் சோம்பேறித்தனமாம்மா?" என்று இரண்டு பேரும் கேலி செய்வீர்கள். தேட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவளே அதை எடுத்து, பரணில் இட்லிப் பானைக்குப் பின்னால் போட்டாள். எல்லாம் தெரிந்த பிறகும் அவள் கை அங்கே போகவில்லை.

இன்று காலை நீங்கள் ஸ்கூலுக்குப் போய்விட்டீர்கள். அம்மா காய் வாங்கப் போயிருந்தாள். இதுவரை எழுதிவிட்டு, ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி அதை எடுத்தேன். துருப்பிடித்து வாய் திறக்கவே இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோய் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு அலகையும் சாணை பிடித்து, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். திரும்பி வந்தபோதும் வீட்டில் யாரும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில், பால் பாத்திரம் கவிழ்த்து வைக்கிற இடத்துக்கு மேலே, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணி அடித்து, அதை மாட்டிவிட்டு வந்தேன்.